வாஷ்பேசினுக்கு அடியில் ஒரு கோழி

மங்கை சொன்னதைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று அவளிடம் சொன்னதும் இல்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயருக்கு அது பழகிப்போன தலையாட்டல். "மாடு குறுக்க வந்துருச்சு சார்" என்று எதிரில் ஒருவர் சொல்லும்போது தலை பாட்டுக்கு ஆடும். கண் பம்பரில் மாட்டு முடி ஒன்றாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடும். மங்கை, மங்கையர்க்கரசி, என் மனைவி. அவள் சொன்னது நடந்ததாகச் சொல்லப்படும் இடம் இதே பாத்ரூம் தரைதான். இப்போது நான் முட்டி போட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கும் இந்தத் தரை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. வென்டிலேட்டரில் இன்னும் வெயில் வரவில்லை, வெறும் சாம்பல் வெளிச்சம். இன்று சாயங்காலம் மங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவாள், வலது முட்டியை மாற்றிக்கொண்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு. அதற்குள் இந்தத் தரை வழுக்காத தரையாக ஆகியிருக்க வேண்டும். "ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. இனிமே பயம் உங்க பாத்ரூம்தான்" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், நான்தான் அந்த பாத்ரூம் என்பதுபோல. எனக்குத் தூக்கம் போனது அந்த வார்த்தையில். ஏனென்றால் இந்தத் தரை ஏற்கெனவே ஒருவரை விழுத்தாட்டியிருக்கிறது. அம்மாவை.

பளபளவென்று வெள்ளை டைல்ஸ். வீடு வாங்கியபோது பெருமையாக இருந்தது. முகம் பார்க்கலாம் என்றான் விற்றவன். தண்ணீர் பட்டால் எண்ணெய் தடவிய தோசைக்கல். உடைத்துவிட்டு வேறு போட நாள் இல்லை, கொத்தனார் திங்கட்கிழமை என்றால் எந்தத் திங்கட்கிழமை என்று கேட்கக் கூடாது. என் மகள் இசைவாணிதான் வழி சொன்னாள், பின்னால் தாளை உரித்து அப்படியே ஒட்டும் வினைல் டைல்ஸ், மேல்பக்கம் சொரசொரப்பு, கால் பிடிக்கும். பெட்டி வந்து கூடத்தில் கிடக்கிறது, மரப்பலகை மாதிரி நிறம். ஒட்டுவது அரை மணி வேலை அப்பா, என்றாள். ஒட்டுவது அரை மணி வேலைதான். ஒட்டுவதற்குத் தரையைத் தயார் செய்வதுதான் நாள் கணக்காக என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. ஹார்டுவேர் கடைக்காரர் இடுக்கு அடைக்கிற பட்டி மாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "தரையில ஈரம் இருந்தா ஒட்டாது சார்" என்றார். பாத்ரூமாச்சே என்றேன். "அதான் சொல்றேன். ஈரமில்லாத பாத்ரூம் நம்ம ஊர்ல எங்க சார் இருக்கு? வெளிநாட்டுக்காரன் பாத்ரூம்ல செருப்புப் போட்டு நடப்பான். நாம வாளியக் கவுத்து வுட்டுட்டு நடப்போம்" என்று சிரித்தார். குளிக்கிற மூலையை விட்டுவிடுங்கள், அங்கே தண்ணீர் ஓடட்டும், வாசலிலிருந்து கம்மோடு, வாஷ்பேசின் வரைக்கும் மட்டும் ஒட்டுங்கள் என்று அவரே வழியும் சொன்னார். முதலில் சோடா போட்டு எண்ணெய்ப் பிசுக்கு எடுத்தேன், அப்புறம் காவிரித் தண்ணீர் வராத காலத்தில் போர்வெல் தண்ணீர் விட்டுப்போன உப்புக் கறையைச் சுரண்டினேன், ஒவ்வொரு டைல்ஸாக விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். இது என் தொழில் விரல். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து, கீறல்கூட இல்ல சார் என்று கொண்டுவந்து நிறுத்துகிற காரின் கதவை இந்த விரல் தட்டும், சத்தம் மாறுகிற இடத்தில் நிற்கும். முப்பது வருஷம் அடுத்தவன் பட்டியைக் கண்டுபிடித்தவன் இப்போது நானே பட்டி பார்க்கிறேன். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கெல்லாம் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாளாக ஆக அந்தக் கோடுகள் வினைல் மேலே எழும்பித் தெரியுமாம், ஓரம் தூக்கிக்கொள்ளுமாம். ஓரம் தூக்கிக்கொண்டால் வாக்கர் தட்டும். வாக்கர் தட்டினால். தேய். உப்புத்தாளைத் திருப்பிப் போட்டுத் தேய்.

நேற்றே முடித்திருக்க வேண்டிய வேலை. பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி வைத்திருந்தேன், அடியில் வியர்க்கிறதா என்று பார்க்க. வியர்க்கவில்லை. சந்தோஷமாகப் பிரித்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மங்கைக்கு இட்லி ஊட்டினேன் (அவளுக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது, ஊட்டச் சொன்னாள்), திரும்பி வந்தேன். கதவைத் திறந்தேன், சட்டையைக் கழற்றினேன், நேராக பாத்ரூமுக்குப் போனேன், வாளித் தண்ணீரை எடுத்து முட்டிவரைக்கும் ஊற்றிக் காலைக் கழுவினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தால் கால் கழுவாமல் உள்ளே நடக்கக் கூடாது. அம்மா போட்டு வைத்த பழக்கம், எனக்குத் தெரியாமல் என் காலுக்குள் இருக்கிறது. இரண்டாவது சொம்பு ஊற்றும்போதுதான் தெரிந்தது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. தண்ணீர் பாதி காய்ந்த பட்டியைக் கரைத்துக்கொண்டு வெள்ளையாக ஓடியது. அப்புறம் துணியால் ஒற்றி, கூடத்து ஃபேனைத் தூக்கி வைத்து, வாணியின் முடி காயவைக்கிற மெஷினை எடுத்து இடுக்கு இடுக்காகக் காட்டினேன், கரைந்த இடத்தில் திரும்பப் பட்டி பார்த்தேன். இந்த நாலு நாளும் எனக்குக் குளியல் மொட்டை மாடியில், டேங்குக் குழாயடியில். எதிர் வீட்டு ஷமீம் பானு துணி காயப்போட வந்தவள் படியிலேயே நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "அண்ணே, குளிக்கிற நேரத்த எழுதி லிஃப்டுல ஒட்டிருங்க. நாங்க துணிய ஈரமாவே உடுத்திக்கிறோம்" என்றாள். கண்ணில் சோப்போடு துண்டைத் தடவித் தேடினேன். இரவு சாப்பாடு கொண்டுவந்து வைத்தவள் பாத்ரூமை எட்டிப் பார்த்தாள். "அக்காவுக்கு இவ்வளவு செய்றீங்களே, அவங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா அடுத்த முட்டியையும் மாத்திக்குவாங்க."

மங்கைக்கு நான் இவ்வளவு செய்கிறேனா. தெரியவில்லை. பயத்தில் செய்கிறேன். பயத்தில் செய்வதும் அவளுக்காகச் செய்வதும் ஒன்றா. இதோ கம்மோடுக்குப் பக்கத்தில், ஒரு டைல்ஸில் நெல் மணி அளவுக்குச் சில்லு பெயர்ந்த பள்ளம். அம்மா விழுந்தபோது கையிலிருந்த பித்தளைச் சொம்பு பட்ட இடம். இதை மட்டும் பட்டி வைக்காமல் கடைசிவரைக்கும் விட்டு வைத்திருந்தேன். வைத்துத்தான் ஆக வேண்டும். விரல் நுனியில் கொஞ்சம் பட்டியை எடுத்து அழுத்தினேன். வழித்தேன். பள்ளம் போய்விட்டது. அம்மா விழுந்த காலையில் நான் காரைக்காலில் இருந்தேன், லாரி ஒன்று வாய்க்காலில் இறங்கிய கேஸ். மார்கழி, வைகுண்ட ஏகாதசி. இருட்டோடு எழுந்து அம்மா குளிக்கப் போயிருக்கிறாள். எதிர் வீட்டில் அப்போது குடியில்லை, கீழ் வீட்டார் முந்தைய நாளே ஸ்ரீரங்கம் போய்விட்டார்கள், வாணி ஹாஸ்டலில். வீட்டில் அம்மாவும் மங்கையும் மட்டும். நான் மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து சேர்ந்தபோது மங்கை நடையில் ஃபிளாஸ்கோடு நின்றிருந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை என்று முதலில் சொன்னாள். பிறகு நான் கேட்கக் கேட்கச் சொன்னாள். "அத்தைக்கு நினைவு இருந்துச்சுங்க, பேச்சு இருந்துச்சு. தொட்டாத்தான் கத்துறாங்க. தூக்கக் கூடாதுன்னு தோணுச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு வாசக்கதவத் திறந்து வெச்சுட்டு வந்தேன். கோயில் கூட்டத்துக்கு ரோட்டத் திருப்பி வுட்டிருக்காங்களாம், சுத்தித்தான் வரணும்னாங்க. தரையெல்லாம் தண்ணி, அவங்க உடம்பு வெடவெடன்னு நடுங்குது. மேல போர்வையப் போட்டேன். அடியில ஒண்ணும் சொருக முடியல. அதான் நானும் பக்கத்துல படுத்துக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். என் கை மேல தலைய வெச்சுக்கிட்டாங்க." அப்புறம் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அந்த இடத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத சிரிப்பு. "வாஷ்பேசினுக்கு அடியில ஒரு கோழி இருக்குங்க. சிமெண்டு அப்படி வழிஞ்சு காஞ்சிருக்கு. நான் கோழின்னேன், அத்தை வாத்துன்னாங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அதான் சண்டை."

நான் தலையாட்டினேன். நம்பவில்லை. எப்படி நம்புவது. அம்மாவும் மங்கையும் நேருக்கு நேர் பேசி நான் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் என்னவோ ஒரு பேச்சு, யார் வீட்டுச் சீர் பற்றி, அதோடு நின்றது. வாணி சின்னப் பிள்ளையாக இருந்தவரை அவள்தான் தபால்காரி. அவள் ஹாஸ்டலுக்குப் போனபிறகு அம்மா காலண்டரைப் பார்த்துப் பேசினாள். "சில பேருக்குக் காபி ஆறிப்போனாக் குடுக்கக் கூடாதுன்னு தெரியாது." மங்கை அடுப்பைப் பார்த்துப் பதில் சொன்னாள். "சில பேரு சூடாக் குடுத்தா நாக்கு சுட்டுருச்சும்பாங்க." நடுவில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. அப்படி இருந்த இரண்டு பேர் ஈரத் தரையில் கட்டிப் பிடித்துக்கொண்டு கோழியா வாத்தா என்று. என்னைத் தேற்றுவதற்காக மங்கை கட்டிச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன், பாதிக்கப்பட்டவர்கள் கதையில் எப்போதும் ஒரு நல்ல இடம் வைப்பார்கள், கேட்கிறவன் மனசு இளகும் இடம். அன்று ராத்திரி துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன் பாத்ரூமைப் பார்த்தேன். சம்பவ இடம் கழுவப்பட்டிருந்தது, சாயங்காலம் மங்கை ஒரு நடை வந்து போயிருந்தாள். ஈரச் சேலை துவைத்துக் கொடியில் கிடந்தது, போர்வையும் அலசிக் கிடந்தது. கம்மோடுக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவில் கண்ணாலேயே அளந்தேன். ஒரு ஆள் படுக்கலாம். இரண்டு ஆள் முடியாது. டார்ச்சை எடுத்துக் குனிந்து வாஷ்பேசினைத் தாங்குகிற கடப்பாக் கல்லுக்கு அடியில் அடித்துப் பார்த்தேன். கொத்தனார் அப்பிவிட்டுப் போன சிமெண்டுக் கட்டிகள், ஒரு பைப். கோழியும் இல்லை, வாத்தும் இல்லை. அதோடு ஃபைலை மூடிவிட்டேன், மனசுக்குள். ஆனால் மூடின ஃபைல் மூடியே கிடக்கவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து, படுத்த படுக்கையாக இன்னும் சில வருஷம் இருந்தாள். பெட்பேன் வைக்க மங்கை வேண்டும், தலைவார மங்கை வேண்டும், நர்ஸ் தொட்டால் திட்டுவாள். காலண்டருக்கு வேலை போனது. தேவைதான், வேறென்ன, கிடையில் விழுந்தால் எல்லாரும் அப்படித்தான் என்று நான் வகை பிரித்து வைத்தேன். ஒரு நாள் கேட்டும்விட்டேன். "அம்மா, அன்னைக்கு மங்கை உன் பக்கத்துல படுத்திருந்தாளா?" அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு எதுக்குடா அது? லாரிய விசாரி, போ." உள்ளே மங்கை களுக்கென்று சிரித்தது கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகம் கூடினதே தவிரக் குறையவில்லை. ஒருவேளை மங்கை சத்தம் கேட்டும் உடனே எழுந்திருக்கவில்லையோ. ஒருவேளை ரொம்ப நேரம் அம்மா தனியாகக் கிடந்தாளோ. அதை மூட ஒரு கோழி. இப்படியெல்லாம் நினைத்தவன்தான் நேற்று அவளுக்கு இட்லி ஊட்டினவன்.

வெயில் வந்துவிட்டது. வென்டிலேட்டரின் கண்ணாடிச் சட்டங்கள் வழியாகப் பட்டை பட்டையாக எதிர்ச் சுவரில் விழுகிறது. தேய்த்த தூளை முதலில் காய்ந்த துணியால், அப்புறம் பிழிந்த துணியால், அப்புறம் திரும்பக் காய்ந்த துணியால் துடைத்தேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கைக்குச் சமமாக இருக்கிறது. கையை நம்பக் கூடாது. அலுமினியப் பட்டையைத் தரையில் கிடத்தி, கன்னத்தைத் தரையோடு ஒட்டி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். வாசல் பக்கம் கசியவில்லை. கம்மோடுக்குப் பின்னால் நூல் அளவு, அது போகட்டும், அங்கே யாரும் நடக்கப்போவதில்லை. கன்னம் ஜில்லென்றது. இவ்வளவு காயவைத்தும் தரைக்கு உள்ளே எங்கேயோ குளிர்ச்சி இருக்கிறது. வாஷ்பேசினுக்கு அடியில்தான் பாக்கி. அங்கே பட்டி திட்டுத் திட்டாக நிற்கிறது, நேற்றுக் கரைந்து ஓடின சனியன் அங்கே போய்த் தேங்கிக் காய்ந்திருக்கிறது. அந்த மூலையை விட்டுவிடலாம், யாருக்குத் தெரியும் என்று ஒரு குரல். விட்டுவிட்ட மூலையிலிருந்துதான் உரிய ஆரம்பிக்கும் என்று இன்னொன்று. குனிந்து கையை நீட்டினால் எட்டவில்லை, முட்டி மடங்க மறுக்கிறது, அடுத்தது என் முறையோ. கடைசியில் ஒருக்களித்துப் படுத்து, தோளைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, புழு மாதிரி உள்ளே நகர்ந்தேன். போகிறது. ஆச்சரியமாக இருந்தது, உடம்பு முழுக்கப் போகிறது. முதுகு சுவரில் ஒட்டிக்கொண்டது, தலை மூலையில், கால் வாசல் பக்கம் குறுக்கே நீண்டது. உப்புத்தாளைத் தேய்க்கக் கையைத் தூக்கியவன் அப்படியே நிறுத்தினேன். எனக்கு முன்னால், கம்மோடு வரைக்கும், ஒரு ஆள் படுக்கும் இடம் அப்படியே காலியாக இருந்தது. அளந்தது நான்தான். ஒரு ஆள் படுக்கலாம், இரண்டு ஆள் முடியாது. நடுவில் இரண்டு ஆள் முடியாதுதான். ஒருத்தி நடுவில் இருந்தால் இன்னொருத்தி இங்கே இருந்திருக்கிறாள், இந்தக் கல்லுக்கு அடியில், இந்தச் சுவரை ஒட்டி. கையை முன்னால் நீட்டிப் பார்த்தேன். ஒரு தலை வந்து படுக்க வேண்டிய இடத்தில் கை போய் நின்றது. இடமெல்லாம் அத்தைக்குக் கொடுத்துவிட்டு இடமில்லாத இடத்தில் அவள் சொருகிக்கொண்டிருக்கிறாள். இதைச் சொல்லவே இல்லையே. பக்கத்தில் படுத்தேன் என்று மட்டும்தான் சொன்னாள். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ. மல்லாக்கத் திரும்ப முயன்றேன், தோள் இடித்தது, முகம் மட்டும் மேலே திரும்பியது. சுவரில் பட்ட வெயில் திரும்பித் தாழ்வாகக் கல்லுக்கு அடியில் பக்கவாட்டில் பரவியிருந்தது. சிமெண்டுக் கட்டிகளுக்கு நிழல் முளைத்திருந்தது. அன்று என் டார்ச் நேராக அடித்து அழித்த நிழல். உருண்டையாக ஒரு உடம்பு. குட்டிக் கழுத்து. கண் இருக்கிற இடத்தில் ஒரு குமிழ் உடைந்த ஓட்டை. வயிற்றுக்குக் கீழே இரண்டு துளி வழிந்து நின்று, முட்டைமேல் உட்கார்ந்திருப்பதுபோல.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. மூக்கு தட்டையாக இருந்தது. அலகு. கோழிக்கு அப்படி இருக்காது. எனக்கு வாத்தாகத்தான் தெரிந்தது. வாத்தேதான், பாரேன், அம்மா சொன்னது சரி என்று வாய்விட்டுச் சொன்னேன், கல்லுக்கு அடியில் என் குரல் எனக்கே பக்கத்தில் யாரோ சொன்னதுபோல் கேட்டது. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன். தூக்கியிருப்பேன். சந்தேகமே இல்லை, அம்மா கத்தக் கத்த அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, முறிந்த எலும்பை இன்னும் முறித்து, கட்டிலில் போட்டுவிட்டு, நான் எவ்வளவு செய்தேன் பார் என்று நின்றிருப்பேன். அல்லது நடையில் நின்று ஆம்புலன்ஸ்காரனைத் திட்டிக்கொண்டிருப்பேன். படுத்திருக்க மாட்டேன். ஒருவர் விழுந்து கிடந்தால் தூக்குவதற்கு முன்னால் அவர் இருக்கும் இடத்துக்குப் போய்ப் படுக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்காது. காலண்டரோடு பேசுகிற மாமியார். அவளுக்கு மங்கை தன் கையைத் தலையணையாக்கி, வலி மறக்க ஒரு சண்டையும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். அம்மாவுக்குச் சண்டைதான் மருந்து என்று மங்கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, நான் அந்த அம்மா வயிற்றில் பிறந்தவன். இதை மங்கை ஒரு தடவைக்குமேல் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் வந்தபோதும் சொல்லவில்லை. நான் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்குமா. தெரியாமல் இருக்குமா, என் தலையாட்டலை அவள் எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள். நம்ப வைக்க ஒரு வார்த்தை கூடுதலாகச் செலவு செய்யவில்லை. இதோ படுத்துப் பாருங்கள் என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் போதும். இந்த பாத்ரூமில் தினமும் பல் துலக்கினாள், அதே வாஷ்பேசினுக்கு அடியில்தான் அது இருந்தது, சும்மா இருந்தாள். சில்லிப்பு சட்டையைத் தாண்டி விலாவுக்குள் ஏறியது. துடைத்துக் காயவைத்த தரை இது, தை மாசத்து வெயில் வேறு. சுவர் முதுகைப் பனிக்கட்டி மாதிரி தொட்டது. எழுந்துவிடலாம் என்று உடம்பு சொன்னது. இன்னும் கொஞ்ச நேரம் என்று படுத்திருந்தேன்.

கம்மோடு மூடிமேல் வைத்திருந்த போன் அடித்தது. எழ முடியாமல் கையை நீட்டித் தட்டித் தட்டி இழுத்தேன். வாணி. "அப்பா, டாக்டர் பாத்துட்டாரு. சாயங்காலம் கிளம்பலாம்னுட்டாரு. ஒட்டிட்டீங்களா?" இன்னும் இல்லம்மா, ப்ரைமர் அடிச்சு ஒட்டணும், மத்தியானத்துக்குள்ள ஆயிடும், என்றேன். "ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி கேக்குது?" "வாஷ்பேசினுக்கு அடியில படுத்திருக்கேன்." "எதுக்கு?" என்றவள் எனக்குப் பதில் சொல்ல நேரம் கொடுக்காமல் அந்தப் பக்கம் திரும்பி, "அம்மா, இவரு வாஷ்பேசினுக்கு அடியில படுத்திருக்காராம். நான் சொன்னேன்ல, தனியா வுடக் கூடாதுன்னு" என்றாள். பிறகு போன் கைமாறுகிற சரசரப்பு. "என்னங்க" என்றாள் மங்கை. நான் ம் என்றேன். அவள், யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலை இறக்கி, "பாத்துட்டீங்களா?" என்றாள்.

"பாத்துட்டேன்."

"கோழிதானே?"

"வாத்து மாதிரி இருக்கு மங்கை."

"அதானே. யாரு பெத்த பிள்ளை" என்று சிரித்தாள். சிரிப்பு முட்டியில் போய் இடித்திருக்க வேண்டும், ஸ்ஸ் அம்மா என்றாள், என் அம்மாவைத்தான் கூப்பிட்டாளோ என்று ஒரு நொடி தோன்றியது. எனக்குக் கேட்க நிறைய இருந்தது. எப்போது சத்தம் கேட்டது, எந்தப் பக்கம் ஒருக்களித்திருந்தாள், எந்தக் கை, அவர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தபோது முதலில் யாரை வெளியே எடுத்தார்கள். பல வருஷமாக வரிசையாக நிற்கிற கேள்விகள், நாக்குக்கு வந்தன, ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. வெயில் பட்டை சுவரில் கொஞ்சம் இறங்கியிருந்தது, தலைக்குமேல் வாத்துக்குக் கழுத்து மறைய ஆரம்பித்திருந்தது. விலா மரத்துவிட்டது. "கால் கழுவாம வேலயப் பாருங்க" என்று அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நேற்று ராத்திரி நான் போனில் புலம்பியதையெல்லாம் வாணி சொல்லிவிட்டிருக்கிறாள். நான் இடைமறித்தேன்.

"மங்கை, அன்னைக்கு உனக்குக் குளிரலையா?"